வீட்டில் ஓயாத பேச்சு, வெளியில் ஒரு சொல்லும் இல்லை: செலக்டிவ் மியூட்டிசத்துக்கு உதவி தேடுவது எப்படி

என் மகளின் வகுப்பு டீச்சரிடம் ஒரு நாள், போனில் பதிவு செய்திருந்த ஒரு நிமிட ஒலியைப் போட்டுக் காட்டினேன். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, அந்த டீச்சரின் அதே அதட்டலோடு அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "இது உங்க பெரிய பொண்ணா?" என்றார் டீச்சர். எனக்கு ஒரே பெண்தான். ஏழு மாதமாக அவர் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவள். அவள் குரலை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

வீட்டில் வாய் மூடாத குழந்தை, பள்ளியிலும் கடையிலும் உறவினர் முன்னாலும் ஒரு சொல்கூட வராமல் நிற்பதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். இதற்கு உதவி உண்டு. நன்றாகவே பலன் தருகிற உதவி. ஆனால் சரியான ஆளைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒன்றரை வருடம் அலைந்தோம். அந்த அலைச்சலில் பாதியையாவது உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், இது அதுதானா?

பெயரே ஆளைக் குழப்பும். 1877-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இந்த நிலையைப் பற்றி எழுதியபோது, வேண்டுமென்றே பேசாமல் இருப்பது என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். 1934-இல் சுவிஸ் மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் கொடுத்த 'எலெக்டிவ் மியூட்டிசம்', அதாவது தானே தேர்ந்துகொண்ட மௌனம், என்ற பெயரிலும் அதே வாடைதான். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதை 'செலக்டிவ்', அதாவது சில இடங்களில் மட்டும் வருகிற மௌனம், என்று மாற்றியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது. "வேணும்னே பேச மாட்டேங்குது" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் 1877-லேயே நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பேச ஆசை இருக்கிறது. அந்த இடத்தில், அந்த ஆட்கள் முன்னால், தொண்டை அடைத்துக்கொள்கிறது.

நிபுணர்கள் பார்க்கிற அடையாளங்கள் ஏறக்குறைய இவை: சில இடங்களில் சரளமாகப் பேசுகிற குழந்தை, பேச வேண்டிய வேறு சில இடங்களில் தொடர்ந்து பேசுவதில்லை. இது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கு வைப்பதில்லை, ஏனென்றால் அப்போது நிறையக் குழந்தைகள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். படிப்போ பழக்கமோ இதனால் பாதிக்கப்படுகிறது. அந்த இடத்தின் மொழி தெரியாததுதான் காரணம் என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டு மொழிகளில் வளரும் குழந்தை புது மொழிக்குப் பழகும் வரை அமைதியாக இருப்பது இயல்பு. ஆனால் தாய்மொழி பேசுகிற நண்பரிடமும் வெளியிடத்தில் வாய் திறக்கவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம்.

கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் கேட்பார்கள். கூச்சப்படுகிற குழந்தை கால் மணி நேரத்தில், அரை மணி நேரத்தில் இளகும். இந்தக் குழந்தை மாதக்கணக்கில் இளகாது. பல குழந்தைகளுக்கு முகமே மரத்துப் போகும், உடம்பு விறைக்கும், கண் கீழே போகும். பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க முடியாமல் பள்ளி விடும் வரை அடக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலும் சேர்த்து எல்லா இடத்திலும் குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாலோ, ஏற்கெனவே தெரிந்த சொற்களை இழந்துகொண்டு வந்தாலோ, ஏதாவது அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பிறகு மௌனமாகிவிட்டாலோ, அது வேறு கதை. இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு உடனே குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

நிபுணரின் அறையில் உங்கள் குழந்தை பேசாது. பிரச்சினையே அதுதான். அதனால் ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். யாரிடம், எங்கே, என்ன செய்யும்போது, எந்த அளவுக்குப் பேச்சு வந்தது என்று. 'பேசினாள், பேசவில்லை' என்று இரண்டே கட்டம் போட்டால் பயன் இல்லை. உறைந்து நின்றாள், தலையாட்டினாள், விரலால் காட்டினாள், வாய் மட்டும் அசைந்தது, அம்மா காதில் கிசுகிசுத்தாள், ஒற்றைச் சொல் சொன்னாள், முழு வாக்கியம் பேசினாள் என்று படிப்படியாகப் பிரித்து எழுதுங்கள். எங்கள் நோட்டில்தான் ஒரு விசித்திரம் தெரியவந்தது. பள்ளி வளாகத்திலேயே, எல்லோரும் போன பிறகு, காலியான விளையாட்டுத் திடலில் அவள் என்னிடம் சத்தமாகவே பேசினாள். இடம் அவளை ஊமையாக்கவில்லை, ஆட்கள்தான் என்று அப்போது புரிந்தது. பிற்பாடு சிகிச்சை தொடங்கியதே அந்தத் திடலில்தான்.

அப்புறம், வீட்டில் இயல்பாகப் பேசுவதை இரண்டு மூன்று சிறு பதிவுகளாக எடுத்து வையுங்கள். உச்சரிப்பு, வாக்கியம் அமைக்கும் திறன் எல்லாவற்றையும் ஸ்பீச் தெரபிஸ்ட் அதை வைத்தே பெருமளவு கணித்துவிடுவார். ஆனால் குழந்தையிடம் கேட்டுவிட்டு எடுங்கள், யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். நான் மேலே சொன்ன பதிவைக் கேட்காமல் எடுத்து, கேட்காமல் காட்டினேன். எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரம், என் போன் இருக்கிற அறையில் அவள் பேசவில்லை.

யாரிடம் போவது

நூறு குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் இது வருகிறது. ஆகவே பல வருட அனுபவம் உள்ள மருத்துவர்கூட ஓரிரு பேரைத்தான் பார்த்திருக்கலாம். "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஒருவர் சொல்லி அனுப்பினால் அவர் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். இது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்குகிறது. பள்ளியில் சேர்ந்த பிறகுதான் வெளியில் தெரிகிறது. சின்ன வயதில் சிகிச்சை தொடங்கிய குழந்தைகள் வேகமாகத் தேறுகின்றன என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். காத்திருக்கிற ஒவ்வொரு வருடமும் பேசாமல் இருப்பது குழந்தைக்குப் பழக்கமாகிவிடுகிறது. வகுப்பும் அதற்குப் பழகிவிடுகிறது.

முதல் நிறுத்தம் குழந்தைகள் மருத்துவர். காது கேட்பதை ஆடியாலஜிஸ்டிடம் சோதிக்க அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு முக்கியமான இரண்டு பேர்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட். பதற்றத்தைக் குறைக்கும் நடத்தைச் சிகிச்சையை சைக்காலஜிஸ்ட் நடத்துவார். இந்தக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பேச்சிலோ மொழியிலோ சின்னச் சிக்கலும் கூடவே இருக்கும் என்பதால் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்ப்பது அவசியம். சில இடங்களில் ஸ்பீச் தெரபிஸ்டே இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்று முழுவதையும் நடத்துகிறார். பட்டத்தைவிடப் பயிற்சியைப் பாருங்கள் என்பது என் கட்சி. குழந்தை மனநல மருத்துவர், மருந்து தேவையா என்ற கேள்வி வரும்போதும், ஆட்டிசம் போன்றவை கூடவே இருக்கின்றனவா என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டியவர். இரண்டும் சேர்ந்திருக்கிற குழந்தைகளும் உண்டு. அப்போது சிகிச்சையின் வேகத்தையும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நேரம் வாங்குவதற்கு முன் போனிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் சில உண்டு. இதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகளுடன் வேலை செய்திருக்கிறீர்களா? என்ன முறையில் செய்வீர்கள்? பள்ளிக்கு வருவீர்களா, குறைந்தபட்சம் டீச்சரோடு பேசுவீர்களா? பெற்றோருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? கடைசி இரண்டுக்கும் "தேவையில்லை, இங்கே வந்தால் போதும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அறைக்குள் வந்த பேச்சு தானாக வகுப்புக்கு நடந்து போகாது. தெரபிஸ்டிடம் கலகலவென்று பேசிவிட்டு வகுப்பில் ஒரு சொல் இல்லாமல் வருடத்தை முடித்த குழந்தைகள் இருக்கிறார்கள். என் மகள் ஒரு கவுன்சிலரிடம் எட்டு வாரம் போய் அழகாகப் படம் வரைந்து பழகினாள். பள்ளியில் எந்த மாற்றமும் இல்லை.

முதல் நாள்

முதல் சந்திப்புக்குக் குழந்தை இல்லாமல் பெற்றோர் மட்டும் போக முடியுமா என்று கேளுங்கள். நல்ல நிபுணர்கள் அவர்களாகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் குறையை அரை மணி நேரம் அலசுவது போல ஒரு கொடுமை வேறில்லை.

அங்கே உங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். பள்ளி, வீடும் உறவும், வெளியிடம் என்று மூன்று வட்டங்களில் எவ்வளவு பேச்சு இருக்கிறது என்று கேட்கிற தாள் ஒன்று பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. டீச்சருக்கும் தனியாக ஒன்று தருவார்கள். உங்கள் நோட்டு இங்கே கைகொடுக்கும்.

குழந்தை வரும் நாளில், "அங்கே ஒருத்தர் இருப்பார், விளையாட்டுச் சாமான் இருக்கும், நீ பேசணும்னு அவர் கேட்க மாட்டார்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பேசினால் இதை வாங்கித் தருகிறேன் என்று வழியில் பேரம் பேச வேண்டாம். மொழி அறிவைச் சோதிக்க, படத்தைச் சுட்டிக்காட்டினால் போதும் என்கிற வகைச் சோதனைகள் உள்ளன. பேசாத குழந்தையும் அவற்றைச் செய்ய முடியும். உள்ளே நுழைந்ததும் "உன் பேர் என்ன? என்ன கிளாஸ்? ஏன் பேச மாட்டேங்கிறே?" என்று ஆரம்பிக்கிறவரைக் கண்டால் உஷாராகிவிடுங்கள். விஷயம் தெரிந்த நிபுணர் என்றால் தரையில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், குழந்தை செய்வதையே தன்பாட்டுக்கு விவரித்துக்கொண்டிருப்பார்: "ஓ, நீலக் கட்டையை மேலே வைக்கிறே. இப்போ கோபுரம் ஆயிடுச்சு."

சிகிச்சை என்றால் என்ன நடக்கும்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒருவர் குழந்தையிடம் கேள்வி கேட்கிறார். குழந்தை உறைகிறது. இரண்டு நொடியில் நமக்குத் தாங்கவில்லை, பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். கேட்டவருக்கு நிம்மதி, நமக்கு நிம்மதி, எல்லோரையும்விடக் குழந்தைக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் விஷயம். பேசாமல் இருந்தால் பயம் போகும் என்று குழந்தையின் உடம்பு ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. நாளைக்கு இன்னும் சீக்கிரம் உறைகிறது. யார் மேலும் தவறில்லாமலே இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். சிகிச்சை என்பது இதை மெதுவாக எதிர்ப்பக்கம் சுழற்றுவது: தாங்கக்கூடிய அளவு சின்னப் பயம், அதைத் தாண்டிய அனுபவம், பிறகு கொஞ்சம் பெரிய பயம்.

இதற்கு ஒரு ஏணி போடுவார்கள். ஆள், இடம், செய்கிற வேலை என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒரு படியில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புது ஆளையும் புது இடத்தையும் சேர்த்து மாற்றினால் ஏணி சாய்ந்துவிடும்.

பள்ளியில் ஒரு புது ஆளை உள்ளே கொண்டுவருவது எப்படி என்று எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு ஒரு காலி அறையில் நானும் மகளும் மட்டும். கதவை மூடிக்கொண்டு அவளுக்குப் பிடித்த சீட்டு விளையாட்டு. அவள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்த பிறகு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். அடுத்த முறை, உதவி டீச்சர் வெளித் தாழ்வாரத்தில் நடந்து போனார். அதற்கடுத்து வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதோ எழுதினார். பிறகு அறையின் மூலையில், பிறகு இரண்டு மேசை தள்ளி. அவள் குரல் தாழ்ந்தால் அவர் ஒரு படி பின்னால் போவார். கடைசியில் மேசைக்கே வந்து, ஒன்று முதல் பத்து வரை மூவரும் மாற்றி மாற்றி எண்ணினோம். எண்ணுவது, கிழமை சொல்வது போன்றவை எளிது. யோசிக்க வேண்டாம், கருத்துச் சொல்ல வேண்டாம். அதன் பிறகு நான் நகர ஆரம்பித்தேன்: பக்கத்து நாற்காலி, வாசல், வெளியே. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிடம். ஐந்து வாரம் ஆனது. சில குழந்தைகளுக்கு இரண்டு நாளில் முடியும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

நீண்ட இடைவெளி விட்டு வாரம் ஒரு மணி நேரம் போவதைவிடக் குட்டிக் குட்டியாக அடிக்கடி செய்வது நல்லது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். சில தெரபிஸ்டுகள் வீடியோ அழைப்பில் ஆரம்பிப்பார்கள். குழந்தை தன் வீட்டிலேயே இருப்பதால், கேமராவை அணைத்துவிட்டுத் தொடங்கினால், குரல் சீக்கிரம் வருவதுண்டு. முதல் படிக்கு அது போதும்.

பேசும் முறையிலும் நமக்குப் பயிற்சி தருவார்கள். ஆரம்பத்தில் கேள்வியே வேண்டாம், விவரிப்பு மட்டும். பழகிய பிறகு, 'ஆமா, இல்லை' என்று தலையாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாதபடி இரண்டில் ஒன்றைக் கேட்கிற கேள்வி: "சிவப்பா, பச்சையா?" கேட்டுவிட்டு ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். பதில் வராவிட்டால் மறுபடி கேட்கலாம், அல்லது இன்னும் எளிதாக்கிக் கேட்கலாம். வந்துவிட்டால் அடங்கிய குரலில், "சிவப்புன்னு சொன்னே, நல்லாக் கேட்டுச்சு" என்றால் போதும். எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்டினால் அடுத்த சொல்லுக்கு ஒரு மாதம் காத்திருக்க நேரிடலாம். பேசியதற்குப் பாராட்டுவதையே விரும்பாத குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் எதுவும் நடக்காதது போல விளையாட்டைத் தொடர வேண்டும். உங்கள் குழந்தை எந்த வகை என்று இரண்டு மூன்று தடவையிலேயே தெரிந்துவிடும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

முதலில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு வாரத்தில் சில தடவை கால் மணி நேரம். இதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், தெரபிஸ்டின் கடிதத்தோடு.

சிகிச்சை நடக்கிற காலத்துக்கு மட்டும் சில சலுகைகள் தேவை. பாத்ரூமுக்கு ஒரு அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். உடம்பு சரியில்லை என்றால் காட்ட ஒரு அட்டை. வாய்மொழித் தேர்வுக்கு வீட்டில் பதிவு செய்த ஒலி. வருகைப் பதிவின்போது கை தூக்கினால் போதும். இவை நிரந்தரமாகிவிடாமல் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டை மிக வசதியாக இருந்தால் பேச்சுக்குத் தேவையே இருக்காது.

வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து "அவ பேச மாட்டா மிஸ்" என்று சொல்லும். எல்லா வகுப்பிலும் ஒன்று சொல்லும். டீச்சர் அப்போது, "அவ பேசுவா, இன்னும் இங்கே ஆரம்பிக்கலை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். உறவினர்களுக்கும் இதே வாக்கியத்தைக் கடன் கொடுங்கள்.

மருந்து

சின்னக் குழந்தைகளுக்கு நடத்தைச் சிகிச்சைதான் முதல். அதை ஒழுங்காகப் பல மாதம் செய்தும் நகரவில்லை என்றாலோ, பதற்றம் மிகக் கடுமையாக இருந்தாலோ, குழந்தை பெரியதாகி வருடங்கள் ஓடிவிட்டிருந்தாலோ மனநல மருத்துவர், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்தைப் பற்றிப் பேசலாம். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் இரண்டும் இதில் அதிகம் பயன்படுபவை. குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தூக்கம் கெடுகிறதா, வழக்கத்துக்கு மாறான பரபரப்போ மனநிலை மாற்றமோ தெரிகிறதா என்று ஆரம்ப வாரங்களில் கவனித்து உடனே சொல்ல வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து பயத்தைத் தணிக்கும், ஏணியில் ஏற்றாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். நாங்கள் மருந்து இல்லாமல் சமாளித்தோம். அதில் பெருமை ஒன்றும் இல்லை, அவளுக்கு அப்போது ஐந்தரை வயது, அவ்வளவுதான்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் ஏணியை அவர்களே எழுத வேண்டும். எந்தப் படி முதலில், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. அவர்களைக் கேட்காமல் பள்ளியோடு ஏற்பாடு செய்தால் மொத்தமும் கெட்டுவிடும்.

நகர்கிறதா என்று எப்படித் தெரியும்

சொற்களை மட்டும் எண்ணாதீர்கள். தோள் தளர்ந்ததா, இடைவேளையில் ஓடினாளா, சிரித்தபோது சத்தம் வந்ததா, இவையெல்லாம் முன்னேற்றம். இரண்டு மூன்று மாதத்தில் நோட்டில் ஒரு கட்டம்கூட மாறவில்லை என்றால் தெரபிஸ்டிடம் நேராகக் கேளுங்கள். படி மிகப் பெரிதாக இருக்கலாம், பள்ளியில் அந்த ஆள் நேரம் ஒதுக்காமல் இருக்கலாம், முதலில் பார்க்காத வேறு சிக்கல் இருக்கலாம். திட்டத்தை மாற்றவே மாட்டேன் என்கிறவரை மாற்றிவிடுங்கள்.

விடுமுறைக்குப் பிறகும் புது வகுப்பிலும் கொஞ்சம் பின்னால் போகும். அதற்கு ஆயத்தமாக, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே காலியான புது வகுப்பறையில் குழந்தையோடு விளையாடி, புது டீச்சரை அதே கதவு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவர அனுமதி வாங்குங்கள். டீச்சர் கையில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். இரண்டு பக்கம் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். இவள் பேசுவாள், பயத்தில் குரல் அடைக்கிறது. முதல் வாரம் கேள்வி வேண்டாம். பிறகு இரண்டில் ஒன்று கேளுங்கள், ஐந்து எண்ணுங்கள். பாத்ரூம் அட்டை பென்சில் பெட்டியில் இருக்கிறது. இவள் முதல் முறை வாய் திறந்து பதில் சொல்லும்போது திரும்பிப் பார்க்காமல், அடுத்த குழந்தையிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.